மீன் மூளையும் ஒரு சிவப்புத் துவாயும்

எங்கள் வீட்டில் மீன் தலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நான் பல்கலைக்கழகத்தில் மீனின் மூளையைப் பற்றிப் படிக்கிறேன் என்று முதன்முதலாகச் சொன்ன அன்றும் உம்மாவின் கையில் ஒரு பாரைத் தலை இருந்தது. கிணற்றடியில் குந்தியிருந்தபடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதையா படிக்கிற?”

“இதுக்குள்ள இரிக்கிறத உம்மா.”

“இத நான் நாளும் பூனைக்குத்தானே போடுறன்.”

பூனை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. தன் சாப்பாட்டில் இவள் எதற்குப் பங்கு கேட்கிறாள் என்று அது யோசித்திருக்கலாம்.

சாச்சாவின் கவலை வேறு மாதிரி. அவர் வாப்பாவின் தம்பி. கண்டக்குழிக் கரையில் வாப்பாவின் கரைவலையில் ஒரு பக்கக் கயிறு அவர் பொறுப்பு. ஒரு மீனைப் பற்றிப் பேசினால் அதன் எடையைக் கேட்காமல் அவரால் அடுத்த சொல்லுக்குப் போக முடியாது.

“நீ படிக்கிற மீன் எத்தன கிலோ வரும்?”

“கிலோவா? ஒரு கிராம் வந்தாலே பெரிசு சாச்சா. ஒன்றரை அங்குலம் இரிக்கும். உடம்பில வரிக்குதிரை மாதிரிக் கோடு.”

“கறிக்கு ஏலாது.”

“கறிக்கில்ல. பாக்கிறதுக்கு.”

“பாத்து?”

அந்த மீனின் மூளையில் காயம் பட்டால் அது புதிய நரம்புக்கலங்களை, அதாவது நரம்புச் செல்களை, செய்து காயத்தை நிரப்பிக்கொள்ளும், மனிதரால் அப்படிச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்றுதான் உலகம் முழுக்கத் தேடுகிறார்கள் என்று விளக்கினேன். சாச்சா கன்னத்தைச் சொறிந்துகொண்டு கேட்டார். பிறகு, வலை பின்னிக்கொண்டிருந்த என் அண்ணனை, மூத்த நானாவை, காட்டினார்.

“அப்ப இவனயும் ஒருக்கா கெம்பஸுக்குக் கூட்டிட்டுப் போ. ஏதாவது ஊத்த ஏலுமா எண்டு கேளு.”

எங்கள் குடும்பத்தில், பதினோராம் வகுப்பில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் முதல் ஆள் நான்தான். வாப்பாவுக்குக் கையெழுத்து என்பது ஒரு சித்திரம். மெதுவாக, நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு வரைவார். நானா ஐந்தாம் வகுப்போடு படகில் ஏறியவர். யுத்தம் முடிந்து கடலில் கெடுபிடி குறைந்த வருடங்களில் வலை நன்றாகப் போனது. அந்தக் காலத்தில்தான் நான் கற்பிட்டிக்கு டியூஷன் போனேன். ஆகவே கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. பஸ்ஸில் ஊருக்கு வரும்போது கெம்பஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்துவிடுவேன். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் உயரமான புகைபோக்கி தெரிய ஆரம்பித்த பிறகும் மறந்தபடியே இருப்பேன்.

இனி, அந்த வாரத்தில் எனக்கு இருந்த பிரச்சினை.

நான் இறுதி வருடத்தில் இருந்தேன். மீன் தொட்டிகள் வைத்திருந்த ஆய்வுகூடத்தில், படிப்பு முடிந்ததும் தங்கி ஆராய்ச்சி செய்ய ஒரே ஓர் உதவியாளர் இடம் இருந்தது. இரண்டு பேர் கேட்டிருந்தோம், நானும் என் அறைத்தோழியும். ஒரே சீப்பால் தலை சீவி, ஒரே பாண் துண்டைப் பாதி பாதியாகத் தின்று, ஒரே இடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தோம். அந்த இடம் கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி ஏதாவது வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டியதுதான். அதற்குள் எங்கேயாவது கலியாணம் பேசிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான பேராசிரியரை மெடம் என்போம். அவர் எங்களை வியாழக்கிழமை அழைத்து, அவரவர் தலைப்பைப் பேசிக் காட்டச் சொன்னார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். என் தலைப்பு, மூளையின் மூலக்கலங்களுக்கு யார் என்ன சொல்கிறார்கள் என்பது. சுருக்கம் இதுதான். அந்தச் சின்ன மீனின் மூளையில் ஓர் ஓரமாக, நரம்புக்கலங்களைப் பெற்றுத் தரும் தாய்க்கலங்களான நரம்பு மூலக்கலங்கள் வரிசையாக இருக்கின்றன. அனேகமானவை பிரியாமல், மாறாமல், அப்படியே இருக்கும். எப்போதாவது ஒன்று இரண்டாகப் பிரியும். ஒன்று மூலக்கலமாகவே மிஞ்ச, மற்றது நரம்புக்கலமாகப் போய்விடும். எப்போது பிரிவது, எப்போது சும்மா இருப்பது என்பதை அவை தாமாக முடிவு செய்வதில்லை. சமிக்ஞைகள் வருகின்றன. விண்ட் என்றொரு சமிக்ஞை கலங்களுக்கு இடையில் கசிந்து வந்து, பெரும்பாலும், பிரியச் சொல்கிறது. நொட்ச் என்ற மற்றொன்று அப்படிக் கசிந்து வருவதில்லை. பக்கத்துக் கலம் தொட வேண்டும். ஒரு கலத்தின் மென்சவ்வில் நீட்டிக்கொண்டிருக்கும் கை, அடுத்த கலத்தின் கையைப் பிடிக்கும். பிடித்ததும், பிடிபட்ட கையின் உட்பக்கத் துண்டு ஒன்று வெட்டுப்பட்டு அந்தக் கலத்தின் உட்கருவுக்குள் போகும். நீ இரு, இப்போது பிரியாதே என்பதுதான் செய்தி.

அந்த வெட்டைத் தடுக்கும் மருந்து ஒன்று உண்டு. மீன் நீந்தும் நீரில் அதைக் கலந்தால், சில நாட்களில் சும்மா இருந்த கலங்கள் பிரியத் தொடங்கும். ஆய்வுக் கட்டுரையில் இந்த இடத்தை வாசித்தபோது எனக்குப் புல்லரித்தது. மீதியை நான் அவ்வளவு கவனமாக வாசிக்கவில்லை.

திரையில் மூலக்கலங்களுக்குப் பதிலாக, தூங்கும் பூனைகளின் படங்களைப் போட்டிருந்தேன். மருந்து ஊற்றியதும் பூனைகள் எழும்பும். “நொட்ச் ஒரு பூட்டு. பூட்டைத் திறந்தால் மூளை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்,” என்று முடித்தேன். எனக்கு நானே கைதட்டாதது ஒன்றுதான் குறை.

“பூனைகள் எழும்பின பிறகு?” என்றார் மெடம்.

“புது நரம்புக்கலங்கள் வரும் மெடம்.”

“அதற்குப் பிறகு?”

நான் பூனைகளைப் பார்த்தேன். அவை எனக்கு உதவவில்லை.

“திறந்தால் இவ்வளவு நல்லது என்றால், அந்த மீன் எதற்கு ஆயுள் முழுக்கப் பூட்டிக்கொண்டு இருக்கிறது? மீன் என்ன மடையனா?”

அறைத்தோழி தன் காலணியை மிக உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள்.

“திங்கள் பத்து மணிக்கு ரெண்டு பேரும் வாருங்கள். இந்த இடம் கிடைத்தால் தொட்டியில் என்ன பரிசோதனை செய்வீர்கள், ஏன் செய்வீர்கள் என்று சொல்ல வேண்டும். வாசித்ததைச் சொல்ல வேண்டாம், யோசித்ததைச் சொல்லுங்கள். பூனைகளையும் கொண்டுவர வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தேன். அறைத்தோழி முன்னால் இருந்து யோசிக்க முடியவில்லை. அவள் தூக்கத்தில்கூடத் திருப்தியாக இருந்தாள். பஸ்ஸில் மடியில் கொப்பியை விரித்து, “மீன் ஏன் மடையன் இல்லை” என்று தலைப்பிட்டு, பாலாவிச் சந்தி வரை வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் வாப்பா வாசலில் வந்து நின்றார்.

“மகள், ஒரு பாட்டுக்கு வந்து நில்லு.”

பாடு என்றால் வலையை ஒரு தரம் கடலில் வளைத்து இழுத்து முடிப்பது. எங்கள் கரைவலை இப்படி: படகு ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டு, வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கிக்கொண்டு போய், மற்றக் கயிற்று நுனியைத் தூரத்தில் இன்னோர் இடத்தில் கரை சேர்க்கும். தெற்குக் கயிற்றில் வாப்பாவின் ஆட்கள். வடக்குக் கயிற்றில் சாச்சாவின் ஆட்கள். நடுவில், கடலுக்குள், மீன் சேரும் பையான மடி. வாப்பா மடியின் மிதப்பைப் பார்த்தபடி சட்டையால் சைகை காட்டுவார். சட்டை தலைக்கு மேலே சுழன்றால் இழு. இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால், இழுக்காதே, பிடித்து நில்.

முன்பெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும். இப்போது நடுவில் உல்லாசப் பயணிகளுக்கு ஒரு விடுதி வந்து, தண்ணீர் வரைக்கும் கிடுகு வேலி போட்டிருந்தது. வடக்கே உள்ளவர்களுக்கு வாப்பா தெரிவதில்லை. அதனால் வேலி முனையில் ஓர் ஆள் நின்று, வாப்பா காட்டுவதைப் பார்த்துத் திருப்பிக் காட்ட வேண்டும். வழக்கமாக நிற்பவர் வண்ணாத்திவில்லுக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தார்.

“எனக்குத் திங்கக்கிழம பேச்சு இரிக்கி வாப்பா.”

“வாயால பேசப் போற. இது கையால செய்யிற வேல. ரெண்டும் ஒண்டா நடக்கும்.”

உம்மா தலை துவட்டும் சிவப்புத் துவாய் ஒன்றை எடுத்துத் தந்தார். “தூரத்துக்குத் தெரியட்டும். தொப்பியப் போடு. கறுத்துப் போனா மெடம் எடம் தர மாட்டா.”

வேலி முனையில் போய் நின்றேன். கையில் துவாய், மனதில் நொட்ச். வாப்பா சுழற்றினார், நானும் சுழற்றினேன். இரண்டு பக்கமும் இழுத்தார்கள். இது ஒரு வேலையா என்று நினைத்தேன். பதினேழு வருடம் படித்தவளைக் கூட்டிவந்து துவாய் சுற்ற வைத்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாப்பா சட்டையை விரித்துப் பிடித்தார். நானும் துவாயை விரித்தேன். வடக்கே சாச்சாவின் ஆட்கள் இழுப்பதை நிறுத்தி, குதிகாலை மணலில் ஊன்றி, கயிற்றோடு பின்னால் சாய்ந்து நின்றார்கள். தெற்கே நானாவும் ஆட்களும் வியர்த்து ஒழுக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தெற்கே இழுப்பு. வடக்கே சாய்ந்து நின்றபடி கதை. சாச்சா ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் பீடியை வாயிலேயே வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எட்டுப் பேர் சும்மா நிற்கிறார்கள். எட்டுப் பேரும் இழுத்தால் பாடு பாதி நேரத்தில் முடியும். நானும் போய் என் வேலையைப் பார்க்கலாம். வாப்பா மிதப்பைப் பார்த்துக்கொண்டு சட்டையை மடக்க மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துவாயைத் தலைக்கு மேலே சுழற்றினேன்.

வடக்கு எழும்பியது. எட்டுப் பேரும் ஒரு சத்தத்தோடு இழுக்க, கயிறு மளமளவென்று வந்தது. கயிறு முடிந்து வலையின் கை வர, அதன் கண்களில் மீன்கள் மாட்டித் துள்ளின. வெயிலில் வெள்ளியாக இருந்தது. “டொக்டர் வந்த ராசி,” என்று யாரோ கத்தினார்கள். நான் இன்னும் பலமாகச் சுழற்றினேன். தெற்கே வாப்பா விரித்த சட்டையை உதறி உதறிக் காட்டியதைப் பார்த்தேன். அதையும் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன்.

மடி கரைக்கு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். உள்ளே யாரும் தின்னாத வழுவழுச் சொறிமீன் இரண்டு கூடை, ஒரு கைப்பிடி காரல் பொடிமீன், இடது காலுக்கான ஒரு றப்பர் செருப்பு.

வாப்பா நடந்து வந்தார். சொறியைக் காலால் ஒதுக்கிப் பார்த்தார்.

“ஆர் ஒன்ன இழுக்கச் சொன்ன?” என்றார் சாச்சாவிடம்.

“நீங்கதானே நானா. செவப்பு சுத்திச்சி,” என்றார் சாச்சா தன் அண்ணனிடம்.

“நான் புடிக்கச் சொன்னன். நீரோட்டம் வடக்க இழுக்குது. நீங்க புடிச்சி நிண்டாத்தான் மடி நடுவில வரும். நீங்களும் இழுத்தா மடி கோணும், தெக்கால அடிக்கயிறு தூக்கும், மீனெல்லாம் கீழால போகும். இது ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா செவப்பு சுத்திச்சே.”

எல்லோரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். துவாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அது ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

“நான்தான் வாப்பா. அவங்க சும்மா நிக்கிறாங்க எண்டு நெனச்சன்.”

பீடிக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். “சும்மாவா?”

“கெம்பஸில சும்மா நிக்கிறது இப்பிடித்தான் போல,” என்றார் சாச்சா. “மகள், இந்தப் பாட்டுக்கு ஒங்கட பங்கு.” இடது செருப்பை எடுத்து, மணலைத் தட்டி, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார்.

வாப்பாவும் சிரித்துவிட்டார். “இன்னொரு பாடு போடுவம். இவள் வேலியடியில நிக்கட்டும்.” பிறகு என்னிடம், “என்ட கையப் பாரு. ஒன்ட தலயப் பாக்காத,” என்றார்.

படகு மறுபடி போனது. இந்த முறை நான் ஒரு கண்ணாடி. அவர் சுழற்றினால் சுழற்றினேன். விரித்தால் விரித்தேன். ஆனால் விரித்துப் பிடிக்கும் நேரம் நீண்டபோது, துவாயை வேலிக் கம்பில் இரண்டு முனையும் கட்டி விரித்துவிட்டு, பக்கத்தில் இருந்த வடக்குக் கயிற்றடிக்குப் போனேன். வாப்பாவின் சட்டை அசைந்தால் கத்தச் சொல்லி, மீன் பொறுக்க வந்த ஒரு பையனை வேலி முனையில் நிறுத்தியிருந்தேன்.

“சாச்சா, நானும் ஒருக்காப் புடிக்கட்டா?”

“சும்மா நிக்கிறதுதானே. வாங்க, வந்து சும்மா நில்லுங்க.”

கடைசி ஆளுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தேன். அடுத்த நொடி யாரோ என்னைக் கடலுக்குள் வெடுக்கென்று இழுத்தது போல இருந்தது. குதிகால் மணலை உழுதுகொண்டு இரண்டடி முன்னால் போய், முன்னால் நின்ற பீடிக்காரரின் முதுகில் மூக்கு இடித்து நின்றேன். ஈரக் கயிறு உள்ளங்கையை உரித்தது. எட்டுப் பேரும் ஊன்ற, கயிறு நின்றது; அதன் பிறகு அசையவில்லை. நீரோட்டம், வலை, தெற்கே இழுக்கும் அத்தனை பேரின் பலம், எல்லாம் அந்தக் கயிற்றில் இருந்தது. அது அசையாமல் இருப்பதற்கு எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். இதைச் செய்துகொண்டேதான் பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எப்பிடி டொக்டர், தூக்கம் வருதா?” என்றார் பீடிக்காரர், திரும்பாமலே.

தூக்கம் என்ற சொல் வந்ததும் பூனைகள் ஞாபகம் வந்தன. பிடித்து நின்றபடியே நான் சிரிக்கத் தொடங்கினேன். என் மூலக்கலங்கள் தூங்கவில்லை. பக்கத்தில் இருப்பது கையைப் பிடித்து நில் என்கிறது, அவை நிற்கின்றன. நான் துவாயைச் சுழற்றினால் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி இழுக்கும். முதல் பத்து நிமிடம் வெள்ளியாக மீன் துள்ளும், கை தட்டுவார்கள். எல்லா மூலக்கலங்களும் நரம்புக்கலங்களாகப் போய்விட்டால், பிறகு அடுத்த காயத்துக்குப் பிடித்து நிற்க எது மிச்சம் இருக்கும்?

“ஏன் சிரிக்கிறீங்க?” என்றார் சாச்சா.

“மீன் மடையன் இல்ல சாச்சா.”

“அத எங்களுக்குச் சொல்ல நீங்க கெம்பஸ் போகணுமா?”

அந்தப் பாட்டில் கீரி மீன் வந்தது. பெரிய பாடு இல்லை. ஆனால் கரையில் நின்ற எல்லோருக்கும் பங்கு இருந்தது. கயிற்றில் நின்றவருக்கு எவ்வளவோ, துவாய் பிடித்தவளுக்கும் அவ்வளவு. உம்மா அவற்றின் தலைகளை வெட்டும்போது பூனைக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்து, முதல் தடவையாகக் கட்டுரையின் மீதியை வாசித்தேன். நான் விட்ட பாதியில்தான் மெடத்தின் கேள்வி இருந்தது. எலிகளில் அந்தச் சமிக்ஞையை நிறுத்தியபோது, கொஞ்ச காலம் புதிய கலங்கள் பெருகி, பிறகு மூலக்கலங்களே தீர்ந்து போனதாக எழுதியிருந்தது. மூலக்கலங்களும் என்னைப் போல ஒருவரிடம் மாட்டியிருக்கின்றன.

திங்கள் பத்து மணி. அறைத்தோழி விண்ட் சமிக்ஞையைப் பற்றி அருமையாகப் பேசினாள். நான் ஒரே ஒரு படம் கொண்டு போயிருந்தேன், கையால் வரைந்தது. அரைவட்ட வலை, இரண்டு கயிறு, ஒரு வேலி, வேலி முனையில் ஒரு பெண்.

“இழுக்கும் பக்கமும் பிடிக்கும் பக்கமும் விளங்குகிறது,” என்றார் மெடம். “நடுவில் துணியோடு நிற்கும் இந்தப் பெண் யார்?”

“அதுதான் மருந்து மெடம். அது நான்.”

செருப்பு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அறைத்தோழி இந்த முறை காலணியைப் பார்க்கவில்லை, வாய்விட்டே சிரித்தாள். பிறகு என் பரிசோதனையைச் சொன்னேன். மருந்தைச் சில நாட்கள் கொடுத்து நிறுத்துவேன். புதிதாக வந்த நரம்புக்கலங்களை எண்ணுவதோடு விட மாட்டேன். நீண்ட நாள் பொறுத்திருந்து, மூலக்கலங்களாக மிஞ்சியவை எத்தனை என்று எண்ணுவேன். அதன் பிறகு சின்னக் காயம் ஒன்று செய்து, அந்த மூளையால் இரண்டாவது தடவையும் ஆற முடிகிறதா என்று பார்ப்பேன்.

“இரண்டாவது பாடு,” என்றேன், தமிழிலேயே. வேறு சொல் வரவில்லை. பாடு என்றால் என்ன என்று மெடத்துக்கு விளக்கினேன்.

“பிடித்து நிற்பது வேலை என்று எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?”

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினேன். தோல் இன்னும் ஆறியிருக்கவில்லை.

“இதை ஆய்வறிக்கையில் ஆதாரமாகப் போட முடியாது,” என்றார். ஆனால் என் படத்தைத் திருப்பித் தரவில்லை. தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டார்.

இடம் எனக்குக் கிடைத்தது. அறைத்தோழிக்கு வேறு ஓர் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. போகும்போது சீப்பை அவள் கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு அழைத்துச் சொன்னபோது உம்மா முதலில் கேட்டது, அந்தச் சின்ன மீனின் தலையை எந்தக் கத்தியால் வெட்டுவாய் என்று. வாப்பா தொலைபேசியை வாங்கி, “அங்க ஒனக்கு ஆர் கை காட்டுற?” என்று கேட்டார். “மெடம்,” என்றேன். “அப்ப அவட கையப் பாரு,” என்றார்.

முதல் வேலை நாளில் புதிய கோட்டுப் போட்டுக்கொண்டு, மருந்து ஊற்றத் தயாராகப் போய் நின்றேன். மெடம் தொட்டிகளைக் காட்டினார்.

“முதலில் மீன்கள் இந்த நீருக்குப் பழகட்டும். இரண்டு வாரத்துக்கு எதையும் ஊற்ற வேண்டாம். நீர் மாற்றுங்கள், சூடு பாருங்கள், எழுதிவையுங்கள். அவ்வளவுதான்.”

முந்திய நானாக இருந்தால் மூன்றாம் நாளே ஏதாவது ஊற்றியிருப்பேன். நான் கோட்டின் கைகளை மடித்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன். கோடு போட்ட சின்ன மீன்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து என்னைப் பார்த்தன. அந்த வாரம் அறையைக் கடந்து போன ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, “வேலை இன்னும் தொடங்கவில்லையா?” என்று கேட்டார்.

“தொடங்கிவிட்டது,” என்றேன்.